துவைத்த துண்டிலும் மக்கல் வாடை ஏன்?

காய்ந்திருக்கும்போது துண்டில் ஒன்றும் தெரியாது. முகம் துடைத்து ஈரம் பட்டதும் வாடை கிளம்பும். பெரும்பாலும் மொராக்செல்லா ஒஸ்லோயென்சிஸ் என்ற பாக்டீரியாவின் வேலை இது. உடம்பு எண்ணெயும் சோப்பு மிச்சமும் நூலில் தங்கி, ஈரமும் நீடித்தால் அது பெருகிக்கொண்டே போகும்.

பலர் உடனே துணியை மென்மையாக்கும் சாஃப்ட்னரைக் கூட்டி ஊற்றுகிறார்கள். தயவுசெய்து நிறுத்துங்கள். தேங்காய்ப்பூ துண்டின் சுருள் நூலில் அது படிந்து, தண்ணீரை உறிஞ்ச விடாது. சோப்புத்தூளும் பாக்கெட்டில் சொன்னதில் பாதி போதும். கடைசி அலசலிலும் நுரை இருந்தால் இன்னும் குறையுங்கள்.

வாடை ஏறிய துண்டை 60 பாகை செல்சியஸ் சுடுநீரில் துவைக்க வேண்டும். மெஷினில் சுடுநீர் வசதி இல்லையா? வாளியில் 5 லிட்டர் சுடுநீர், 2 மேசைக்கரண்டி சோடியம் பெர்கார்பனேட் (குளோரின் இல்லாத ஆக்சிஜன் வெளுப்பான்) தூள். ஒரு மணி நேரம் ஊறவைத்து, பிறகு துவையுங்கள். சாயம் போகும் துண்டென்றால் ஓரத்தில் சோதித்துப் பாருங்கள். வினிகரையும் குளோரின் வெளுப்பானையும் ஒருபோதும் சேர்க்காதீர்கள், நச்சு வாயு வரும்.

ஆனால் கோலாலம்பூரில் பாதிப் பிரச்சினை காயவைப்பதில்தான். மத்தியானம் வரை வெயில், சாயங்காலம் இடி மழை. இரவில் துவைத்து, விடியும்வரை மெஷினுக்குள்ளேயே விட்டால் துவைத்த பலனே போச்சு. காலையில் துவைத்து, நன்றாக உதறி, மடிக்காமல் ஒற்றை அடுக்காக விரித்துப் போடுங்கள். கொடியில் இரண்டாக மடித்துத் தொங்கவிட்டால் உள்பக்கம் காயாது. கொண்டோ வீட்டில் துணி காயவைக்கும் யார்டில் காற்றில்லை என்றால் மேசை விசிறியைத் துண்டின் பக்கம் திருப்பிவிடுங்கள். மழை நாளில் பக்கத்து டோபி கடை உலர்த்தி உதவும். மடிக்கும்முன் தடித்த ஓரத்தைத் தொட்டுப் பாருங்கள், கடைசியில் காய்வது அதுதான். குளியலறைக் கொக்கியில் ஈரத்துண்டு வேண்டாம். வாங்கும்போதே ஹோட்டல் துண்டுபோல் கனமானதைத் தவிர்ப்பது நல்லது, மெல்லியது சீக்கிரம் காயும்.

எண்ணெய்க் குளியல் துண்டைத் தனியாக வையுங்கள். எண்ணெய் பட்ட இடத்தில் பாத்திரம் கழுவும் திரவத்தை நேராகத் தேய்த்து, கால் மணி நேரம் கழித்துச் சுடுநீரில் துவையுங்கள். மஞ்சள்தூள் கறை சோப்பு பட்டுச் சிவந்தால் பயம் வேண்டாம். அலசி வெயிலில் போட்டால் வெளிறிவிடும். நல்லெண்ணெய் முழுதும் போகாத துண்டை மட்டும் உலர்த்தியில் போடாதீர்கள். சூடாகக் குவித்துவைத்தால் தானாகவே தீப்பிடிக்கக்கூடும்.