வேலி, போத்தல் விளக்கு, நுங்கு வண்டில்: வன்னியில் கைவேலை பார்க்கும் பயணம்

ஓமந்தையைத் தாண்டியதும் பஸ்ஸில் யன்னல் பக்கம் இருங்கள். ஏ9 வீதியில், இலங்கையின் வடக்கே உள்ள வன்னியின் அழகுக்கலை முதலில் வேலிகளில்தான் தெரியும். வவுனியாவிலிருந்து புளியங்குளம், மாங்குளம், அங்கிருந்து கிழக்கே திரும்பி ஒட்டுசுட்டான் வழியாக முல்லைத்தீவு, பிறகு புதுக்குடியிருப்பு, பரந்தன், கிளிநொச்சி என்று ஒரு சுற்று. மூன்று நாள் போதும். திரும்பும்போது கிளிநொச்சியில் ரயில் ஏறலாம். 1990இல் நின்ற ரயில் 2013 செப்ரெம்பரில் கிளிநொச்சி வரை மீண்டும் ஓடத் தொடங்கியது. இடைப்பட்ட காலத்தில் அந்தப் பாதையின் தண்டவாளமும் சிலிப்பர்க் கட்டையும் பதுங்குகுழிகளுக்குக் கூரையாயின. ஒரு பொருள் தன் வேலை முடிந்த பிறகு என்னவாக மாறும் என்ற கேள்வியோடு இந்த ஊர்களைப் பார்த்தால் ஒவ்வொரு வளவும் ஒரு கண்காட்சி.

வேலிக்கு வருவோம். நல்ல வன்னி வேலியில் பாதி உயிரோடு இருக்கும். பூவரசு, கிளுவை, முள்முருக்கு, சீமைக்கிளுவை ஆகியவற்றின் தடிகள்தான் வேலியைத் தாங்கும் கதிகால். மணிக்கட்டுப் பருமனில் ஆறேழு அடி நீளத்துக்கு வெட்டி, ஐப்பசி கார்த்திகை மழையில் ஒன்றரை அடி ஆழத்துக்கு நடுவார்கள். அலவாங்கால் (கடப்பாரையால்) குழி போட்டுத்தான் இறக்க வேண்டும். அடித்து இறக்கினால் அடிப்பட்டை உரிந்துவிடும், வேர் விடவேண்டிய இடம் அதுதான். நுனி எது அடி எது என்று பாராமல் தலைகீழாக நட்டாலும் பிடிக்காது. வேர் பிடித்த கதிகால் உக்காது, கறையானுக்கும் இலேசில் விழாது. தழை ஆட்டுக்கும் வயலுக்கும் போகும். செத்த கட்டையை நட்டு வேலி அடைப்பவர் சில வருடத்தில் திரும்பவும் நட வேண்டும்.

கதிகாலுக்கு இடையில் கிடுகோ பனைமட்டையோ அலம்பலோ (வெட்டிய மரக்கிளை) வைத்து அடைப்பார்கள். தென்னோலையை நடுமட்டை வழியே இரண்டாகக் கிழித்து, தண்ணீரில் ஊறவிட்டுப் பின்னுவது கிடுகு. ஊறாத ஓலை பின்னும்போதே வெடிக்கும். கட்டும்போது கீழ் வரிசையிலிருந்து தொடங்கி, மேல் வரிசை கீழ் வரிசையின் தலையை மூட வேண்டும். மாறிக் கட்டினால் மழைத்தண்ணீர் மடிப்புக்குள் இறங்கி ஒரே மாரியில் கிடுகு கறுக்கும். கீழ் வரிசையை நிலத்தில் முட்டவிடாமல் நாலு விரல் உயர்த்திக் கட்டுவது கறையானுக்கான ஏற்பாடு.

2009இல் போர் முடிந்த பிறகு மீள்குடியேறியவர்களின் வளவுகளில் தகரம் வேலியாக வந்தது. தற்காலிகக் கொட்டிலுக்கு வந்த கூரைத் தகரம்தான் அது. மறைப்புக்கு நல்லது, ஆனால் சோளகக் காற்று அதைப் பாய்மரம்போல் பிடித்துக்கொள்ளும். ஓலையின் இடைவெளிக்குள்ளால் காற்று புகுந்து போகும், தகரத்தில் அதற்கு வழி இல்லை. அதனால் தகர வேலிக்குக் கதிகால் இரண்டு மடங்கு நெருக்கமாக வேண்டும். அழகென்று கேட்டால் எங்கள் வாக்கு மட்டை வேலிக்கு. சாய்வெயிலில் ஒவ்வொரு மட்டையின் கருக்கும் தனித்தனியாக நிழல் விழுத்தும்.

மாங்குளத்தில் தேத்தண்ணி குடிக்க இறங்கினால் வயதானவர்களிடம் ஜாம் போத்தல் விளக்கைப் பற்றிக் கேளுங்கள். 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் பிள்ளைகள் படித்தது இந்த வெளிச்சத்தில்தான். மண்ணெண்ணெய் கிடைத்தால் அது பொன். நாலைந்து மேசைக்கரண்டி எண்ணெயில் ஓர் இரவை ஓட்டுவதற்காகப் பிறந்த வடிவம் இது.

வேண்டியவை: ஜாம் போத்தல் ஒன்று, ஒரு கைப்பிடி பஞ்சு, பழைய சைக்கிள் ரியூப்பின் பித்தளை வால்வ், ஒன்றரை அடிக் கம்பி, பருத்தித் துணித் திரி. பஞ்சைப் போத்தலின் அடியில் அமுக்கி, அது குடிக்கும் அளவுக்கு மட்டும் எண்ணெய் விட வேண்டும். வால்வுக்குள் இருக்கும் இறப்பரைக் கழற்றிவிட்டுத் திரியை நுழைத்து, வால்வைக் கம்பியில் சுற்றி, கம்பியின் மறுமுனையைப் போத்தல் வாயில் கொளுவித் தொங்கவிட வேண்டும். திரியின் கீழ்முனை பஞ்சில் படிய, மேல்முனை வால்வுக்கு மேல் ஒரு நெல்லளவு நீட்டி நிற்கும்.

இதில் ஒவ்வொரு பாகமும் ஒரு கேள்விக்குப் பதில். வால்வின் துளை ஒடுக்கமானதால் திரி தடிக்க முடியாது, எனவே சுடரும் பெருக்காது. எண்ணெய்ச் சிக்கனம் அங்கேதான். போத்தல் தட்டுப்பட்டு விழுந்தால் எண்ணெய் ஓடாது, பஞ்சு பிடித்து வைத்திருக்கும். ஓலை வீட்டில் இது உயிர் காக்கும் விஷயம். கண்ணாடியே காற்றுத் தடுப்பு, தனியாகச் சிமினி வேண்டாம்.

பிழைப்பதும் சொல்ல வேண்டும். சுடர் போத்தலின் ஆழத்தில் நின்றால் புதுக்காற்று இறங்காமல் புகைந்து கண்ணாடி கறுத்து அணையும். வாயை ஒட்டி நின்றால் காற்றடிக்கும். நடுவுக்குச் சற்று மேலே, நான்கு பக்கமும் சம தூரத்தில் நிற்க வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்த சுடர் கண்ணாடியை ஒரே இடத்தில் சூடாக்கி வெடிக்கவைக்கும். எரிகிற விளக்குக்கு எண்ணெய் ஊற்றவே கூடாது.

அதே காலத்து இன்னொரு கண்டுபிடிப்பு, சைக்கிளைக் கவிழ்த்துவைத்துப் பெடலைக் கையால் சுற்றி றேடியோ கேட்டது. பற்றரி வராத ஊரில் செய்தி வந்த வழி அது. சைக்கிள் டைனமோ 6 வோல்ற், 3 வாற். அதாவது அரை அம்பியர். நாலு பற்றரி போடும் றேடியோவுக்கும் 6 வோல்ற்தான், கணக்குச் சரி. ஆனால் டைனமோ தருவது ஆடலோட்ட மின் (ஏசி), றேடியோவுக்கு நேரோட்ட மின் (டிசி) வேண்டும். நாலு டயோட்டைப் பாலமாக இணைத்து, அதன் வெளியீட்டில் 1000 மைக்ரோபரட், 25 வோல்ற் கொள்ளளவி (கப்பாசிற்றர்) ஒன்றைப் போட்டால் இரைச்சல் அடங்கும்.

பலர் றேடியோவை எரித்த இடம் வேறு. றேடியோ இழுப்பது மிகக் குறைந்த மின். பாரம் இல்லாத டைனமோ வேகமாகச் சுற்றும்போது 6 வோல்ற் பல மடங்காக ஏறும். சைக்கிளின் முன் பல்பைக் கழற்றாமல் விட்டவர்களின் றேடியோ தப்பியது, மிச்சத்தை பல்ப் தின்றுவிடும். பல்ப் அளவாக எரிந்தால் சுற்றும் வேகம் சரி என்றும் தெரிந்துவிடும். ஒரு பல்ப் பாரமாகவும் மானியாகவும் வேலை செய்கிறது. இதைவிடத் துப்புரவான வடிவமைப்பை நாங்கள் கண்டதில்லை.

மோட்டார் சைக்கிளை மண்ணெண்ணெயில் ஓட்டிய கதையை எல்லோரும் சொல்வார்கள். சுருக்கம் இதுதான்: சில துளி பெற்றோலில் ஸ்டார்ட் செய்து, என்ஜின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது. குளிர்ந்த என்ஜினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது.

ஒட்டுசுட்டானிலிருந்து முல்லைத்தீவு வரை கடைத்தெருக்களில் உரப்பையைத் தேடுங்கள். 50 கிலோ யூரியா வந்த பை இங்கே சந்தைப் பையாகவும் சைக்கிள் சீற் உறையாகவும் மாறும். தைக்க விரும்புகிறவர்களுக்கு: பையை இரண்டு மூன்று தண்ணீரில் அலசுங்கள், மிஞ்சும் யூரியா ஈரத்தை இழுத்து ஊசியைக் கறள் பிடிக்கவைக்கும். வெட்டிய விளிம்பு இழை இழையாகப் பிரியும். மெழுகுதிரிச் சுடரில் காட்டி உருக்குங்கள், அல்லது இரண்டு முறை மடியுங்கள். தையல் நெருக்கமாக இருந்தால் உறுதி என்பது இங்கே பிழை. நெருக்கமான ஊசித்துளை முத்திரைக் கடதாசிபோல் ஒரே கோட்டில் கிழிய வழி விடும். 4 மில்லிமீற்றருக்கு ஒரு தையல், நைலோன் நூல். கைபிடிப் பட்டியை வாய்ப்பக்கத்தில் மட்டும் தைக்காமல் பையின் அடி வரை கொண்டுபோய்ச் சுற்றித் தைத்தால் பாரம் பட்டியில் நிற்கும், துணியில் நிற்காது. அச்சிட்ட எழுத்தை வெளியே வையுங்கள். அந்தப் பெரிய நிற எழுத்துகளைவிட நல்ல சித்திரம் வேறு கிடைக்காது. வெயிலில் போட்டு வைத்தால் மட்டும் இழை பொடியாகிவிடும். தறப்பாளுக்கும் இதே குறைதான். நெல் காயவிடும் தறப்பாளை வேலை முடிந்ததும் சுருட்டி நிழலில் வைப்பது அதனால்தான்.

வாசலில் பூப்போல வெட்டிய ரயர்ச் சாடிகளும் கண்ணில் படும். கம்பி வலை இல்லாத நைலோன் ரயரைத்தான் வெட்டி உட்புறம் வெளியாகத் திருப்பலாம். கத்தியைச் சவர்க்காரத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு வெட்டினால் இழுக்காது. வெள்ளை பெயின்ற் சில மாதத்தில் மண்ணிறமாவது இறப்பரிலிருந்து கசியும் இரசாயனத்தால், எனவே கடும் நிறங்களைத் தெரிவது புத்தி. அடியில் துளை போடாத சாடி நுளம்புத் தொட்டியாகும், டெங்கு அங்கேதான் தொடங்கும்.

காலம் தெரிந்தெடுக்கலாம் என்றால் வைகாசியில் போங்கள். முல்லைத்தீவை அடுத்த வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கல் அந்த மாதம். கடல்நீரில் விளக்கெரியும் என்று நம்பப்படும் கோயில். நுங்குக் காலமும் அதுவே. நுங்கு குடித்த பிறகு மிஞ்சும் கோம்பைகள் இரண்டை எடுத்து, ஒரு சாண் தடியின் இரு முனையிலும் நடுவில் குத்தி, கவர்த்தடி ஒன்றால் நடுத்தடியைத் தள்ளினால் நுங்கு வண்டில். ஒரே அளவான இரண்டு கோம்பை தேட வேண்டும், இல்லையென்றால் வண்டில் சின்னச் சில்லின் பக்கம் வளைந்து வளைந்து ஓடும். தடி வழுவழுப்பாக இருந்தால் சில்லு நழுவும். பட்டையோடு இருக்கும் தடி பிடித்துக்கொள்ளும். இரண்டு மூன்று நாளில் கோம்பை காய்ந்து துளை தளர்ந்ததும் சில்லுகளைக் கொத்தி மாட்டுக்குப் போட்டுவிட்டுப் பிள்ளைகள் அடுத்த குலைக்குக் காத்திருப்பார்கள்.