வக்காலா வரும் வரை

வளைகுடா வேலைக்கு நேர்காணல் கொடுத்துவிட்டு வந்தவனைப் பார்த்தால் டீக்கடையில் இருந்து கல்யாண வீடு வரை கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "விசா வந்துவிட்டதா?" கேட்பவர்களுக்கு விசா என்பது ஒரே தாள். எங்களுக்கு அது ஐந்தாறு தாள்களின் வரிசையில் கடைசியாக வருவது. அதற்கு முன்னால் உள்ளவற்றில் எது எங்கே நிற்கிறது என்று தெரியாதவனுக்கு ஏஜென்சிக்காரர் சொல்லும் "அடுத்த வாரம்" ஒன்றுதான் துணை. அந்த அடுத்த வாரம் லேசில் வராது.

நான் திருவெறும்பூர்ப் பக்கத்துக்காரன். 'பெல்' தொழிற்சாலையை நம்பித் துவாக்குடியில் எழுந்த பட்டறைகளில் ஒன்றில் பைப் வெல்டர். பெரிய ஆலைக்கு ஆர்டர் குறைந்தால் எங்கள் பட்டறைகளில் மெஷின்கள் தூங்கும். அப்படித் தூங்கிய ஒரு காலத்தில்தான், சவூதியின் ஜுபைலில் நடக்கும் குழாய் வேலைக்கு 6ஜி (சாய்வாக இறுக்கிய பைப்பை அசைக்காமல் சுற்றிலும் வெல்டிங் செய்யும் நிலை) வெல்டர்கள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுச் சென்னைக்கு பஸ் ஏறினேன்.

வெல்டருக்கு நேர்காணல் என்பது பெரும்பாலும் கையால் பதில் சொல்வது. ஆறு அங்குலப் பைப் இரண்டு துண்டு, கெட்டிச் சுவர். ஒட்டு வைத்து 45 பாகைச் சாய்வில் ஸ்டாண்டில் இறுக்கிவிடுவார்கள். அதன்பின் பைப்பை அசைக்கக் கூடாது. நாம்தான் அதைச் சுற்றிக் குனிந்தும் மண்டியிட்டும் வளைய வேண்டும். ரூட் எனும் அடி அடுக்கு டிக் வெல்டிங்கில், அதன்மேல் 7018 என்ற வெல்டிங் ராடு. கடிகார முள் ஆறு மணி காட்டும் இடம், அதாவது பைப்பின் அடிவயிறு, அங்கேதான் ஆளை எடைபோடுவார்கள். உருகிய உலோகம் கீழே இறங்கப் பார்க்கும். கை சற்றுத் தயங்கினாலும் பைப்பின் உள்பக்கம் குழி விழுந்துவிடும். ரூட் முடிந்து சூடு தணிந்ததும் கம்பெனி ஆய்வாளர் டார்ச் அடித்து உள்ளே எட்டிப் பார்த்தார். தலையை ஆட்டவும் இல்லை, முகத்தைச் சுளிக்கவும் இல்லை. மேலே போடு என்று கையைக் காட்டிவிட்டு அடுத்தவனிடம் போய்விட்டார்.

வாய்வழிக் கேள்விகள் இரண்டு மூன்றுதான். அடுப்பில் சுட்டெடுத்த 7018 ராடை வெளியே எவ்வளவு நேரம் வைத்திருக்கலாம் என்று கேட்டார். நான்கு மணி நேரம் என்றேன். எழுதிக்கொண்டார். பைப்பில் என் எண்ணைப் பொறித்து ஓரமாக அடுக்கினார்கள். "கூப்பிடுவோம்" என்றார்கள்.

முதல் காத்திருப்பு அந்தப் பைப்பின் எக்ஸ்ரேவுக்காக. மேலே பார்க்க மீன் செதில் போல வரிசையாக இருக்கும் வெல்டிங்குக்குள் சிறு காற்றுக் குமிழி ஒளிந்திருக்கலாம். ஃபிலிமில்தான் அது கறுப்புப் புள்ளியாகத் தெரியும். ராடு மாற்றித் தொடங்கிய ஒவ்வோர் இடமும் எனக்கு இரவில் நினைவுக்கு வரும். இந்தக் கட்டத்தில் ஏஜென்சிக்குப் போன் செய்து பயனே இல்லை. முடிவு அவர்களுக்கும் தெரியாது. கம்பெனி பட்டியல் அனுப்பினால்தான் தெரியும். ஆனால் தெரியாது என்று ஒருபோதும் சொல்லமாட்டார்கள். "உங்கள் பெயர் இருக்கும் தம்பி, கவலைப்படாதீர்கள்" என்பார்கள். கூட டெஸ்ட் கொடுத்த எல்லோருக்கும் இதே பதில் கிடைத்தது என்பது பிறகு பேசிப் பார்த்தபோது தெரிந்தது.

பட்டறையிலும் நிலைமை மாறியது. வெளிநாடு போகப்போகிறவன் என்று பெயர் விழுந்துவிட்டால் மேஸ்திரி புதிய வேலையை நம் கையில் தரமாட்டார். எங்களுக்குக் கூலி இன்ச் டயா கணக்கு, அதாவது பைப்பின் விட்டம் எத்தனை அங்குலம் என்பதை வைத்து. பெரிய பைப் கிடைத்தால்தான் பணம் சேரும். பெரிய பைப்பெல்லாம் மற்றவர்களுக்கும், சில்லறை வேலை எனக்கும் என்று ஆனது. தேர்வு முடிவு வராத வேலைக்காகக் கையில் உள்ள வேலையும் மெலிந்துபோவதைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை.

ஒருநாள் வாட்ஸ்அப்பில் வேலை உறுதிக் கடிதம் வந்தது. வீட்டில் பாயசம் வைத்தார்கள். நான் கடிதத்தை வரிவரியாகப் படித்தேன். பதவியின் பெயர், அடிப்படைச் சம்பளம், உணவுப்படி, இரண்டு ஆண்டு ஒப்பந்தம், எட்டு மணி நேர வேலை. மொத்தத் தொகையைப் பார்த்து மயங்கக் கூடாது. சவூதிச் சட்டப்படி ஓவர்டைமுக்குக் கூடுதலாகத் தரும் பாதிப் பங்கு அடிப்படைச் சம்பளத்தை வைத்துத்தான் கணக்கிடப்படும். அடிப்படையைக் குறைத்து மற்றப் படிகளைக் கூட்டிக் காட்டும் கடிதம் பார்க்க அழகாக இருக்கும், ஓவர்டைமில் கடிக்கும்.

கடிதத்தோடு கூடவே ஒரு கோரிக்கையும் வந்தது: அசல் பாஸ்போர்ட்டைக் கொண்டுவந்து கொடுங்கள். ஸ்டாம்பிங்குக்கு, அதாவது விசா பதிவுக்கு, அசல் தேவைதான். ஆனால் அது கடைசியில். இப்போதே கேட்பதன் காரணம் எளிது: பாஸ்போர்ட் அவர்கள் பெட்டியில் இருந்தால் நாம் இன்னொரு நேர்காணலுக்குப் போக முடியாது. நகலை அனுப்பிவிட்டு, "விசா எண் வந்த அன்று நானே கொண்டுவருகிறேன் சார்" என்றேன். எதிர்முனையில் இருந்தவருக்குக் கோபம். பட்டியலில் இருந்து பெயர் போய்விடும் என்றார். போகவில்லை. 6ஜி வெல்டிங் தெரிந்தவனை அவ்வளவு எளிதில் யாரும் விடுவதில்லை. அந்தத் துணிச்சல் எனக்கு இருந்தது. ஹெல்பர் வேலைக்குத் தேர்வான பையன்களுக்கு இருக்க முடியாது. அவர்கள் கொடுத்துவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை.

அதன்பின் தொடங்கியதுதான் உண்மையான காத்திருப்பு. இதில்தான் வக்காலா வருகிறது. சவூதி நிறுவனம் முதலில் அந்நாட்டு அரசிடம் இருந்து மொத்தமாக விசா அனுமதி வாங்க வேண்டும்: எத்தனை பேர், எந்த நாட்டவர், என்ன தொழில் என்று பிரித்து. பிறகு அந்த விசாக்களுக்கு ஆள் அனுப்பும் அதிகாரத்தை இந்தியாவில் உள்ள ஒரு ஏஜென்சியின் பெயருக்கு ஆன்லைனில் எழுதித் தர வேண்டும். அதுதான் வக்காலா. அது வராமல் ஏஜென்சி நம் பாஸ்போர்ட்டை எங்கும் சமர்ப்பிக்க முடியாது. ஆகவே "விசா வந்ததா" என்று கேட்பதை நிறுத்திவிட்டு, "வக்காலா வந்ததா, அதில் வெல்டர் என்ற தொழிலுக்கு எத்தனை?" என்று கேட்கத் தொடங்கினேன். குரலே மாறியது. அதுவரை தொலைபேசியை எடுக்கும் பெண்ணே பதில் சொல்லிவிடுவார். இந்தக் கேள்விக்குப் பின் மேலாளரிடம் இணைப்பைக் கொடுத்தார்கள்.

மேலாளர் சொன்ன செய்தி கசப்பானது. தேர்வானவர்கள் அதிகம், வெல்டர் என்ற பெயரில் வந்த விசா குறைவு. மீதிப் பேருக்கு ஒரு வழி இருக்கிறதாம்: தொழிலாளி விசாவில் போய், அங்கே மாற்றிக்கொள்ளலாம். நான் மறுத்தேன். அங்கே போனதும் கையில் தரும் இக்காமா எனும் குடியிருப்பு அட்டையில் ஏறுவது விசாவில் உள்ள தொழில்தான். மாற்றித் தருவதும் தராததும் கம்பெனியின் மனம். அடுத்த தவணை விசா வரும்வரை இருக்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

வீட்டில் இது பெரிய பேச்சானது. "கிடைத்ததை விட்டுவிட்டு எதற்குக் காத்திருக்கிறீர்கள்?" என்று மனைவி கேட்டாள். அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. நகை அடகில் இருந்தது. இந்த நேரம் பார்த்து ஊர்ப் பக்கத்து ஆள் ஒருவர், ஒரு லட்சம் கொடுத்தால் பத்தே நாளில் அனுப்புகிறேன் என்று வந்தார். அரசிடம் பதிவு பெற்ற ஏஜென்சி வேலை தேடுபவரிடம் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்தின் உச்சவரம்பு 30,000 ரூபாய், அதற்கு மேல் ஜி.எஸ்.டி. மட்டும். அதற்கும் ரசீது தர வேண்டும். மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் ஏஜென்சியின் பெயரைத் தட்டினால் பதிவு நடப்பில் இருக்கிறதா என்று தெரிந்துவிடும். இவரிடம் பதிவு எண் கேட்டேன். தம்பிக்குச் சந்தேகம் ரொம்ப என்று மாமனாரிடம் குறைப்பட்டுக்கொண்டு போய்விட்டார். தனியார் ஏஜென்சியே வேண்டாம் என்பவர்கள் கிண்டியில் உள்ள தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தில் பதிந்துவைக்கலாம். 1978இல் இருந்து இருக்கிறது. நானும் அந்த இடைவெளியில் பதிந்துவைத்தேன்.

சும்மா இருக்க முடியாமல் திறன் சரிபார்ப்புத் தேர்வையும் எழுதினேன். வெல்டர், எலக்ட்ரீஷியன், பிளம்பர் போன்ற தொழில்களுக்குச் சவூதி அரசு இந்தியாவிலேயே வைக்கும் தேர்வு இது. கணினியில் கேள்விகள், பிறகு செய்முறை. இந்தச் சான்று என் பெயரில் கிடைப்பது. ஏஜென்சி கைவிட்டாலும் இது என்னோடு இருக்கும்.

மருத்துவப் பரிசோதனைக்கு மட்டும் அவசரப்படவில்லை. வளைகுடா செல்பவர்களின் மருத்துவப் பரிசோதனைக்கான வஃபித் தளத்தில் பணம் கட்டினால் எந்த மையத்துக்குப் போக வேண்டும் என்று தளமே ஒதுக்கும். மார்பு எக்ஸ்ரே, இரத்தம், சிறுநீர். தகுதி என்று வந்தாலும் அந்தச் சான்றுக்கு ஆயுள் சில வாரங்கள்தான். பெரம்பலூர்த் தம்பி ஒருவன் ஏஜென்சி சொன்னதைக் கேட்டு முதலிலேயே எடுத்துவிட்டான். விசா வருவதற்குள் சான்று காலாவதியாகி மறுபடியும் பணம் கட்டினான். இன்னொருவனைப் போலீஸ் சான்றிதழுக்கு அலையவிட்டார்கள். இந்தியர்களுக்கு அது தேவையில்லை என்று சவூதித் தூதரகம் 2022 நவம்பரிலேயே அறிவித்துவிட்டது.

இரண்டாம் தவணை வக்காலாவில் வெல்டர் என்றே என் பெயருக்கு விசா எண் வந்தது. அதன்பின் எல்லாம் வேகம்: மருத்துவச் சான்று, கைரேகை, விசா, சென்னையில் இருந்து தம்மாமுக்கு டிக்கெட். எட்டாம் வகுப்போடு நின்ற நண்பர் ஒருவருக்கு மட்டும் இந்திய அரசின் குடிபெயர்வு அனுமதியும் காப்பீடும் கூடுதலாகத் தேவைப்பட்டன. பத்தாம் வகுப்பு தேறியிருந்ததால் எனக்கு அந்த வரிசை இல்லை.

ஜுபைலில் இறங்கிய கையோடு மறுபடியும் டெஸ்ட். அங்குள்ள எண்ணெய் நிறுவனப் பணிகளில் வெல்டராக ராடைத் தொட வேண்டுமானால் அவர்கள் தரும் வேலை அனுமதி அட்டை வேண்டும். அதே 45 பாகைப் பைப், அதே அடிவயிறு, அதே எக்ஸ்ரே. அட்டை வரும்வரை கிரைண்டிங் செய்துகொண்டு காத்திருந்தேன். அந்த நாட்களுக்கு அடிப்படைச் சம்பளம் உண்டு, ஓவர்டைம் கிடையாது.