இறங்குற இடத்துல யாரு எழுப்புவாங்க?

வளைகுடாவைச் சேர்ந்த ஒரு விமான நிறுவனத்தில் 2008 முதல் 2023 வரை கேபின் க்ரூவாக வேலை பார்த்தேன். சாப்பாட்டுத் தட்டுகளை எடுத்து முடித்து, விளக்குகளை அணைத்த பிறகு, தண்ணீர் டம்ளர்கள் அடுக்கிய தட்டோடு இருட்டில் ஒரு சுற்று வருவோம். முந்நூறு பேர் தூங்கப் பாடுபடுவதை அப்போது பார்க்கலாம். பாடுபடுவது என்றுதான் சொல்ல வேண்டும். ஒருவருக்குக் கழுத்துத் தலையணை சரிந்து மார்பில் கிடக்கும். இன்னொருவர் முன் இருக்கையின் முதுகில் நெற்றியை முட்டுக்கொடுத்திருப்பார். காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் ஷூவைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக ஒருவர். இத்தனைக்கும் நடுவில் யாரோ ஒருவர், கல்யாண மண்டபத்துப் பாயில் படுத்த மாதிரி அசந்து தூங்குவார்.

அந்த ஒருவருக்கு மட்டும் எப்படி வாய்க்கிறது என்ற கேள்வி என்னைப் பதினைந்து வருஷமும் விடவில்லை. இருக்கை அதேதான், இரைச்சலும் குளிரும் அதேதான். விலை உயர்ந்த தலையணையோடு வந்தவர் விழித்திருப்பார். வெறும் துண்டைச் சுருட்டிக் கன்னத்துக்குக் கொடுத்தவர் தூங்குவார். எனக்கு இதில் ஏதோ பிடிபட்டது ஒரு ஜூன் மாதப் பயணத்தில்.

சான் பிரான்சிஸ்கோ விமானம். காலை எட்டரைக்குக் கிளம்பி, ஏறத்தாழ 16 மணி நேரம் பறந்து, அதே நாள் மதியம் ஒன்றரைக்கு அங்கே இறங்கும். நடு வரிசையின் ஓர இருக்கையில் கோபிச்செட்டிப்பாளையம் பக்கத்து அம்மா ஒருவர், வயது அறுபத்தைந்து இருக்கும். மகளுக்குப் பிரசவம் பார்க்கப் போகிறார். அந்தத் தடத்தில் இப்படி ஓர் அம்மாவாவது இல்லாத விமானத்தை நான் அதிகம் பார்த்ததில்லை. பாஸ்போர்ட், மகளின் முகவரி எழுதிய தாள், அழைப்புக் கடிதம் எல்லாம் இருந்த துணிப்பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்திருந்தார். முந்தின நாள் மதியம் வீட்டை விட்டுக் கிளம்பியவர். சென்னையில் விடியற்காலை நாலு மணிக்கு விமானம். எங்கள் விமானத்தில் ஏறும்போதே ஒரு ராத்திரித் தூக்கம் போயிருந்தது.

விளக்கை அணைத்து மூன்று சுற்று வந்துவிட்டேன். மூன்று தடவையும் அவர் நேராக நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தார். நாலாவது தடவை பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து, "ஏம்மா, தூக்கம் வரலீங்களா?" என்று கேட்டேன்.

"தூக்கம் கண்ணைச் சுத்துது கண்ணு. தூங்கிப்போட்டேன்னா எறங்கற எடத்துல ஆரு எழுப்புவாங்க?"

பக்கத்து இருக்கைப் பையன் சிரித்துவிட்டான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ராத்திரி பஸ்ஸில் வந்து, விடியுமுன் ஊர் விலக்கில் இறங்கிப் பழகிய உடம்பு அது. கண்டக்டரிடம் சொல்லி வைக்காமல் அந்த உடம்பு தூங்காது. கண்ணயர்ந்தால் ஊர் தாண்டிப் போய்விடும் என்பது ஐம்பது வருஷப் பாடம். விமானம் எல்லோரையும் ஒரே இடத்தில்தான் இறக்கும் என்று விளக்குவதால் அது மாறாது. "நான் எழுப்புறேங்கம்மா. எறங்கறதுக்கு ஒன்றரை மணி நேரம் முன்னாடியே வந்து எழுப்புறேன்" என்றேன். பையை முன் சீட்டுக்கு அடியில், கால் விரலுக்குத் தட்டுப்படும்படி வைத்தேன். காலுறை மாட்டிவிட்டேன். போர்வையைப் போர்த்தி அதற்கு மேலே பெல்ட்டைப் போட்டுவிட்டேன். அடுத்த சுற்று வரும்போது தூங்கியிருந்தார். நடுவில் ஒரே ஒரு தடவை எழுந்து பாத்ரூம் போய் வந்ததோடு சரி, ஏழு மணி நேரம்.

அதற்கப்புறம் தூங்காதவர்களை வேறு கண்ணோடு பார்க்க ஆரம்பித்தேன். ஒவ்வொருவரும் எதையோ காவல் காத்துக்கொண்டிருந்தார்கள். பையை, பிள்ளையை, அடுத்த சாப்பாட்டை, பக்கத்தில் இருப்பவர் தன்னைத் தாண்டிப் போக வேண்டியிருக்குமே என்ற சங்கடத்தை. அமெரிக்காவின் பிரௌன் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் 2016-இல் வெளியிட்ட ஓர் ஆய்வைப் பின்னால் படித்தேன். புது இடத்தில் தூங்கும் முதல் ராத்திரியில் மூளையின் ஒரு பாதி மற்றப் பாதி அளவுக்கு ஆழ்ந்து தூங்குவதில்லையாம். சின்னச் சத்தத்துக்கும் அந்தப் பாதி சட்டென்று எழுந்துகொள்கிறதாம். வீட்டுக்குள் எல்லோரும் தூங்க, திண்ணையில் ஒருவர் விழித்துக் கிடப்பது போல. விமானத்தில் ஒவ்வொரு ராத்திரியும் முதல் ராத்திரிதான். அந்தத் திண்ணைக்காரரிடம் "நீயும் படு, நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று யாராவது சொல்ல வேண்டியிருக்கிறது.

அதனால் என்னிடம் யோசனை கேட்கிறவர்களுக்கு முதலில் சொல்வது காவலை இறக்கி வைக்கும் வழிகளைத்தான். போர்வைக்கு மேலே பெல்ட் தெரியட்டும். விமானம் குலுங்கும்போது பெல்ட் போட்டிருக்கிறீர்களா என்று நாங்கள் பார்த்தாக வேண்டும். கண்ணுக்குத் தெரியவில்லை என்றால் எழுப்பத்தான் செய்வோம். ஆழ்ந்து தூங்கியவரை இதற்காக உலுக்கி எழுப்பிய ஒவ்வொரு தடவையும் எனக்கு மனசு கஷ்டப்பட்டிருக்கிறது. சாப்பாட்டுக்கு எழுப்ப வேண்டுமா வேண்டாமா என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சைவமோ வேறெதுவோ, முன்பதிவில் தனிச் சாப்பாடு கேட்டிருந்தால் வழக்கமாக வண்டி வருவதற்கு முன்பே உங்களுக்குக் கொடுத்துவிடுவோம்; அரை மணியாவது முன்னதாகப் படுக்கலாம். ஜன்னல் இருக்கை கிடைத்தால் விடாதீர்கள். தலை சாய்க்கச் சுவர் இருக்கிறது, யாரும் உங்களைத் தாண்டிப் போக வேண்டியதில்லை. கடைசி வரிசைகள் வேண்டாம். கழிப்பறைக் கதவும், பின்பக்கம் நாங்கள் ட்ராலி இழுக்கும் சத்தமும் ராத்திரி முழுக்க ஓயாது.

இனி கடிகாரம். ஏறினதும் கைக்கடிகாரத்தை இறங்கும் ஊரின் நேரத்துக்கு மாற்றச் சொல்வேன். அந்த அம்மாவின் பயணத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். விமானம் கிளம்பும்போது வளைகுடாவில் காலை எட்டரை, கோபியில் பத்து, சான் பிரான்சிஸ்கோவில் முந்தின நாள் இரவு ஒன்பதரை. ஆகவே பயணத்தின் முதல் பாதிதான் அந்த ஊரின் ராத்திரி. சாப்பாட்டை முடித்துவிட்டு அப்போது தூங்குகிறவர், அங்கே விடியும் நேரத்தில் எழுந்து, மதியம் தெளிவாக இறங்குவார். நடப்பதோ நேர்மாறு. முதல் எட்டு மணி நேரத்தில் மூன்று படம் பார்ப்பார்கள். கண் எரிந்து, கடைசி மூன்று மணி நேரத்தில் சரிவார்கள். அது அந்த ஊருக்குக் காலை பத்தரை, பதினோரு மணி. அன்றைக்கு ராத்திரி மகள் வீட்டில் கொட்டக் கொட்ட விழித்திருக்கப்போவது அப்போதே முடிவாகிவிடுகிறது. உடம்புக்குள் ஓடும் இந்தக் கடிகாரத்தின் இயக்கத்தைக் கண்டறிந்த ஹால், ராஸ்பாஷ், யங் மூவருக்கும் 2017-இல் மருத்துவ நோபல் பரிசு கொடுத்தார்கள். எங்கள் க்ரூ அறையில் அன்று முழுக்க அதைப் பற்றியே பேச்சு. எங்கள் சிரமத்துக்கு ஒரு பெயரும் காரணமும் உண்டு என்று உலகம் ஒத்துக்கொண்ட மாதிரி இருந்தது.

அந்தத் தடத்தில் விமானம் வட துருவத்தை ஒட்டிப் போகும். ஜூன் மாதத்தில் வழி நெடுக வெளியே வெயில்தான். ராத்திரி என்பது நாங்கள் ஜன்னலை மூடி, விளக்கை அணைத்து உண்டாக்குவது. யாரோ ஒருவர் வேடிக்கை பார்க்க ஜன்னலைத் திறந்தால், பத்து வரிசைக்கு விடிந்துவிடும். எழுந்து போய் மெதுவாகக் கேட்டுக்கொள்வேன். பெரும்பாலும் உடனே மூடிவிடுவார்கள்.

உடம்பு சமாச்சாரங்கள் சில. கேபினுக்குள் காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயர மலையில் இருப்பது போல. பதினாறு மணி நேரம் ஊட்டியில் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஊட்டியின் ஈரம் கிடையாது. ஈரப்பதம் பெரும்பாலும் 20 சதவீதத்தையும் எட்டாது, தொண்டை காய்ந்தே விழிப்பு வரும். அந்த அழுத்தத்தில் வயிற்றுக்குள் இருக்கும் வாயு மூன்றில் ஒரு பங்கு வரை விரியும். கிழங்கும் கொண்டைக்கடலையும் சாப்பிட்டுவிட்டு இடுப்பை இறுக்கிக் கட்டி உட்கார்ந்தால் தூக்கம் எங்கிருந்து வரும்? இடுப்பு நாடாவையோ பேண்ட் பெல்ட்டையோ ஏறியதுமே தளர்த்திவிடுங்கள். பாதம் சூடாக இருந்தால் தூக்கம் சீக்கிரம் பிடிக்கும், அதனால் காலுறை அவசியம். மது குடித்தவர்கள் சட்டென்று தூங்குவதையும், இரண்டு மூன்று மணி நேரத்தில் வேர்த்து எழுந்து தண்ணீர் கேட்பதையும் கணக்கில்லாமல் பார்த்திருக்கிறேன். தூக்க மாத்திரையை முதல் தடவையாக விமானத்தில் போட்டுப் பார்க்காதீர்கள். அசையாமல் கிடந்தால் காலில் ரத்தம் உறையும் ஆபத்து ஒரு பக்கம், அவசரம் என்றால் உங்களை எழுப்ப முடியாது என்பது இன்னொரு பக்கம்.

எங்கள் தூக்கத்தையும் சொல்ல வேண்டும். நான் அதிகம் பறந்த போயிங் 777-இல் பின்பக்கக் கூரைக்கு மேலே எங்களுக்குப் படுக்கைகள் இருந்தன. சாதாரண அலமாரிக் கதவு மாதிரி ஒன்றைத் திறந்தால் செங்குத்தான படி. மேலே நிமிர்ந்து நிற்க முடியாது. திரைச்சீலை போட்ட பங்க், அதிலும் பெல்ட் உண்டு. மூன்று, நான்கு மணி நேரம் கிடைக்கும். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம், அங்கே அலாரம் அடித்து எழுந்தபோது திருச்சியில் எங்கள் வீட்டு மாடியில் இருப்பதாகவே நினைத்து இறங்கினேன். ஒரு படி தவறி, கணுக்கால் பிசகிவிட்டது. எனக்குச் சீனியராக இருந்த அக்கா ஐஸ் வைத்துக்கொண்டே சொன்னார்: "எந்திரிச்ச உடனே நீ முழிச்சிட்டேன்னு நம்பாதே. பத்து நிமிஷம் உட்காரு. முகத்தைக் கழுவு. அப்புறம் இறங்கு."

அதை நான் வெறும் அக்கறையாகத்தான் எடுத்துக்கொண்டிருந்தேன். 2010 மே 22 அன்று துபாயிலிருந்து மங்களூருக்கு வந்த விமானம் ஓடுபாதையைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்து 158 பேர் இறந்தார்கள். பயணத்தின் பெரும்பகுதி கேப்டன் தூங்கியிருந்ததும், விமானி அறை ஒலிப்பதிவில் குறட்டை பதிவாகியிருந்ததும், எழுந்த பின்னும் தெளியாத அந்த மந்த நிலையும் விசாரணை அறிக்கையில் வந்தன. எட்டுப் பேர்தான் பிழைத்தார்கள். படித்த அன்று எனக்குப் பேச்சே வரவில்லை. அதற்குப் பிறகு ஒரு நாளும் அந்தப் பத்து நிமிஷத்தை நான் விட்டதில்லை. வேலை நாளில் தூக்கம் என் சொந்த விஷயம் இல்லை என்பதும் அன்றைக்குத்தான் உறைத்தது. அடுத்த விமானம் வரை வெளியூரில் தங்கும் லேஓவரில் தோழிகள் ஊர் சுற்றக் கூப்பிட்டபோது பல தடவை போகவில்லை. ஹோட்டல் திரைச்சீலையின் இடைவெளியைத் துணி மாட்டும் கிளிப்பால் இறுக்கிவிட்டு, பகல் பதினோரு மணிக்குப் படுத்தேன். அதில் எனக்கு வருத்தம் இல்லை.

சொன்னபடி அந்த அம்மாவை இறங்குவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பு தோளைத் தொட்டு எழுப்பினேன். காதுக்கும் அதுதான் நல்லது. தூக்கத்தில் எச்சில் விழுங்குவது குறைவு. விமானம் கீழே இறங்கும்போது தூங்கினால் காது அடைத்து வலிக்கும். "ஊரு வந்துருச்சா கண்ணு?" என்றார். இன்னும் நேரம் இருக்கிறது என்றேன். முகம் கழுவி, தலையை வாரி முடிந்து, பொட்டை நேராக வைத்துக்கொண்டு, மகளைப் பார்க்க ஒரு மணி நேரம் முன்னதாகவே தயாராகி உட்கார்ந்துவிட்டார்.

இப்போது தம்பியைப் பார்க்க மெல்பர்னுக்குப் பயணியாகப் போய் வருகிறேன். விமானத்தில் அழைப்பு மணி ஒலித்தால் இன்னும் என் கால் தானாக எழுந்திருக்கப் பார்க்கிறது. சாப்பாடு முடிந்ததும் பக்கத்தில் வரும் பெண்ணைக் கூப்பிட்டு, "இறங்குறதுக்கு ஒன்றரை மணி நேரம் முன்னாடி என்னை எழுப்பிவிடும்மா" என்று சொல்லி வைக்கிறேன். அவள் சரி என்று தலையாட்டிவிட்டுப் போன பிறகுதான் கண்ணை மூடுகிறேன்.