டிரான்சிஷன் இழுவையாகத் தெரிகிறதா? நீளத்தைக் குறைக்கும் முன்

ப்ரீமியர் ப்ரோ, டாவின்சி ரிசால்வ் ஆகிய வீடியோ எடிட்டிங் மென்பொருள்களில் ஒரு கட்டின் (இரண்டு கிளிப் சேரும் இடம்) மேல் டிரான்சிஷன் (ஒரு காட்சியிலிருந்து அடுத்ததற்கு மாறும் எஃபெக்ட்) போட்டால் தானாக வந்து உட்காரும் நீளம் ஒரு வினாடி. ஒரு படம் மங்க அடுத்தது தெளியும் கிராஸ் டிஸால்வுக்கு அது பரவாயில்லை. புஷ், ஸ்லைடு, ஜூம் என்று படமே நகரும் வகைகளுக்கு ஒரு வினாடி ரொம்ப அதிகம். முதலில் அதை மாற்றும் வழியைச் சொல்லிவிடுகிறேன்.

ப்ரீமியரில் டைம்லைனில் (கிளிப்களை வரிசையாக அடுக்கும் பட்டை) உள்ள டிரான்சிஷனை டபுள் கிளிக் செய்தால் நீளம் கேட்கும் சின்னப் பெட்டி வரும். அதில் 12 என்று அடித்தால் 12 ஃப்ரேம் (வீடியோவின் ஒவ்வொரு தனிப் படமும் ஒரு ஃப்ரேம்). 100 என்று அடித்தால் 100 ஃப்ரேம் வராது, ஒரு வினாடிதான் வரும். நூறுக்குக் கீழே உள்ள எண்ணை ஃப்ரேமாகவும், அதற்கு மேல் போனால் கடைசி இரண்டு இலக்கத்தை ஃப்ரேமாகவும் முன்னால் இருப்பதை வினாடியாகவும் அது எடுத்துக்கொள்கிறது. ரிசால்வில் டிரான்சிஷனைத் தேர்வு செய்து, இன்ஸ்பெக்டரில் டியூரேஷனை மாற்றினால் போதும். அங்கே வினாடிக்கும் ஃப்ரேமுக்கும் தனித்தனிக் கட்டம் இருக்கும்.

எல்லா டிரான்சிஷனும் குட்டையாக வர வேண்டுமென்றால் ப்ரிஃபரன்ஸஸில் இயல்பு நீளத்தை மாற்றலாம். ப்ரீமியரில் அது டைம்லைன் பகுதியில் இருக்கிறது. ரிசால்வில் யூசர் டேபில் எடிட்டிங். இனிமேல் போடப்போகிற டிரான்சிஷன்களுக்குத்தான் இது செல்லும், ஏற்கெனவே போட்டவை அப்படியே இருக்கும். ப்ரீமியரில் பழையவற்றை மாற்ற, சரியான நீளமுள்ள ஒன்றைக் காப்பி செய்து, மற்ற கட்களைத் தேர்வு செய்து பேஸ்ட் செய்வது சுலபம்.

இயல்பு நீளத்தை ஃப்ரேமில் வைத்திருந்தால் ஒரு வம்பு உண்டு. 24 ஃப்ரேம் என்பது 24 எஃப்.பி.எஸ். (வினாடிக்கு 24 ஃப்ரேம்) டைம்லைனில் முழு ஒரு வினாடி. அதே 24 ஃப்ரேம் 60 எஃப்.பி.எஸ்.ஸில் வெறும் 0.4 வினாடி. கேம்ப்ளே வீடியோவும் குறும்படமும் ஒரே கம்ப்யூட்டரில் எடிட் செய்பவர்கள் வினாடியிலேயே வைத்துக்கொள்வது நல்லது.

இப்போது உண்மையில் சிக்கல் வரும் இடம்: ஹேண்டில், அதாவது கட்டுக்கு அப்பால் கிளிப்பில் மிச்சம் இருக்கும் ஃப்ரேம்கள். டிரான்சிஷன் ஓடும்போது இரண்டு கிளிப்பும் ஒரே நேரத்தில் ஓட வேண்டும். 24 ஃப்ரேம் டிஸால்வைக் கட்டின் நடுவில் வைத்தால், முதல் கிளிப்பில் கட்டுக்குப் பின் 12 ஃப்ரேமும், இரண்டாவதில் கட்டுக்கு முன் 12 ஃப்ரேமும் வெட்டப்படாமல் மிச்சம் இருக்க வேண்டும். கிளிப்பை முதல் ஃப்ரேமிலிருந்து கடைசி ஃப்ரேம் வரை அப்படியே இழுத்துப் போட்டிருந்தால் அந்த மிச்சம் கிடையாது. ப்ரீமியர் அப்போது எச்சரித்துவிட்டு, கடைசி ஃப்ரேமையே திரும்பத் திரும்பக் காட்டி இடத்தை நிரப்பும். டிரான்சிஷன் மேல் சாய்வுக் கோடுகள் தெரியும். நடந்துகொண்டிருந்த ஆள் திடீரென்று உறைந்து, பிறகு மறைவார். பார்க்கிறவருக்கு அது 'டிரான்சிஷன் ஸ்லோவா இருக்கு' என்றுதான் தோன்றும். நீளத்தைக் குறைத்தாலும் உறைதல் போகாது. கிளிப்பின் ஓரத்தை உள்ளே தள்ளி டிரிம் செய்வதுதான் மருந்து. ரிசால்வ் கிளிப்பைத் தானே டிரிம் செய்யட்டுமா என்று கேட்கும். யோசிக்காமல் சரி என்றால் வசனத்தின் கடைசி எழுத்து போய்விடலாம், காதால் ஒரு தடவை கேட்டுவிடுங்கள்.

கிளிப்பை 200 சதவீதம் வேகப்படுத்தியிருந்தால் ஹேண்டிலும் இரண்டு மடங்கு தின்னும்: டைம்லைனில் 12 ஃப்ரேமுக்கு ஒரிஜினலில் 24 ஃப்ரேம் வேண்டும். ஸ்பீட் ராம்ப் போட்ட (நடுவில் வேகம் மாறும்) ஷாட்களில் டிரான்சிஷன் காரணமில்லாமல் மறுக்கிறது என்று தோன்றினால் முதலில் இதைப் பாருங்கள்.

படம் நகரும் டிரான்சிஷன்களில் பிக்ஸல் கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது. 1920 பிக்ஸல் அகலமுள்ள திரையில் 12 ஃப்ரேம் புஷ் என்றால் ஒரு ஃப்ரேமுக்கு 160 பிக்ஸல் நகர்கிறது. 6 ஃப்ரேமாகக் குறைத்தால் 320. அந்த அளவில் கண்ணுக்கு நகர்வு தெரியாது, படம் தத்தித் தத்திப் போவதுதான் தெரியும். நகர்வை மெதுவாகத் தொடங்கி மெதுவாக முடிக்கும் ஈஸ் இன், ஈஸ் அவுட் இரண்டும் சேர்த்தால் தொடக்கமும் முடிவும் மென்மையாகும், ஆனால் நடு ஃப்ரேம்கள் சராசரியைவிட இன்னும் வேகமாகப் பாயும். அதனால் ஈஸ் சேர்க்கும்போது நீளத்தை இரண்டு மூன்று ஃப்ரேம் கூட்டிக்கொள்வேன். 1080 பிக்ஸல் அகல ரீல்ஸில் பக்கவாட்டுப் புஷ்ஷுக்கு இன்னும் குட்டையாகப் போகலாம்; 12 ஃப்ரேமிலேயே 90 பிக்ஸல்தான் நகர்கிறது. மேலிருந்து கீழே தள்ளினால் திரும்ப 1920 கணக்குதான்.

இதைவிட வேகம் வேண்டுமென்றால் மோஷன் ப்ளர் (நகரும் படத்தில் வரும் மங்கல்) இல்லாமல் முடியாது. ப்ரீமியரில் அட்ஜஸ்ட்மென்ட் லேயர் (கீழே உள்ள கிளிப்கள் எல்லாவற்றுக்கும் எஃபெக்ட் தரும் வெற்று அடுக்கு) போட்டு, டிரான்ஸ்ஃபார்ம் எஃபெக்டில் பொசிஷனுக்கு கீஃப்ரேம் (எந்த நேரத்தில் படம் எங்கே இருக்க வேண்டும் என்ற குறி) வைத்து, 'யூஸ் காம்போசிஷன்ஸ் ஷட்டர் ஆங்கிள்' டிக்கை எடுத்துவிட்டு ஷட்டர் ஆங்கிளை 180 ஆக்குங்கள். டிக்கை எடுக்க மறந்தால் எத்தனை அடித்தாலும் ப்ளர் வராது.

படம் இருண்டு கறுப்பாகி அடுத்தது வரும் டிப் டு பிளாக் தனி ரகம். ஒரு வினாடியில் பாதி இருட்டுவதற்கும் பாதி வெளுப்பதற்கும் போய்விடுவதால், அதே நீள டிஸால்வைவிட அவசரமாகத் தெரியும். டிஸால்வை 20 ஃப்ரேமில் வைத்திருந்தால் இதற்கு 35, 40 தேவைப்படும்.

பாட்டுக்கு வெட்டுபவர்களுக்குக் கணக்கு எளிது. 60ஐ பி.பி.எம்.மால் (நிமிடத்துக்கு எத்தனை பீட் என்ற எண்) வகுத்தால் ஒரு பீட்டின் வினாடி. அதை ஃப்ரேம் ரேட்டால் பெருக்குங்கள். 120 பி.பி.எம். பாட்டு, 30 எஃப்.பி.எஸ். என்றால் 15 ஃப்ரேம். 25 எஃப்.பி.எஸ்.ஸில் 12.5 வரும், அரை ஃப்ரேம் கிடையாது, 12 வையுங்கள். நீளத்தைவிட டிரான்சிஷனின் நடுப்பகுதி பீட்டில் விழுகிறதா என்பதே முக்கியம். கண்ணுக்குப் படம் மாறியதாகத் தோன்றும் இடம் அதுதான்.

ஷாட்கட் என்ற எடிட்டிங் மென்பொருளில் நீளத்துக்கென்று பெட்டி தேட வேண்டாம். ஒரு கிளிப்பை இன்னொன்றின் மேல் எவ்வளவு ஏற்றுகிறீர்களோ அதுவே டிரான்சிஷன். ஓரத்தை இழுத்து மாற்றலாம். அப்படி ஏற்றும்போது மொத்த நீளம் குறையும் என்பதால், தனி டிராக்கில் வைத்த வாய்ஸ் ஓவர் நழுவியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். போன் ஆப்களில் ஸ்லைடர் ஓர் இடத்துக்கு மேல் நகர மறுத்தால், பெரும்பாலும் பக்கத்துக் கிளிப் குட்டையாக இருக்கும்.

கடைசியாக, ப்ரிவ்யூவை நம்பி வேகத்தைத் தீர்மானிக்காதீர்கள். 4கே கிளிப் இரண்டு ஒன்றாக ஓடும் இடத்தில் சுமாரான லேப்டாப் திணறி ஃப்ரேம்களை விழுங்கும். ப்ரீமியரில் பார்க்க வேண்டிய பகுதியின் தொடக்கத்தையும் முடிவையும் (இன், அவுட்) குறித்து, என்டர் தட்டி ரெண்டர் (முன்கூட்டியே கணக்கிட்டு வைப்பது) செய்த பிறகு பாருங்கள்; ரிசால்வில் ரெண்டர் கேஷை ஸ்மார்ட்டில் வைத்து, மேலே உள்ள சிவப்புக் கோடு நீலமாகும் வரை பொறுங்கள். அதற்குப் பிறகும் இழுவையாக இருந்தால் மட்டும் இரண்டிரண்டு ஃப்ரேமாகக் குறைத்துக்கொண்டே வாருங்கள்.