தற்காலிகக் குடியிருப்பில் ஒரு மலக்குழியை இறைக்க வைத்த அனுபவம்

மலேசியாவின் பேரா மாநிலத்தில் தோட்டப்புறச் சிறுநகர் ஒன்றில், மூடப்பட்ட ரப்பர் ஆலைக்குப் பின்புறத் திடலில், வீடற்றவர்களுக்காக ஊராட்சி மன்றம் அமைத்த தற்காலிகக் குடியிருப்பில் நானும் என் தாயாரும் வசித்து வருகிறோம். தோட்டம் கைமாறி, தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்கள் இடிக்கப்பட்டபோது போக்கிடமின்றி நின்ற குடும்பங்களும், பஸ் நிலையத்திலும் கடைகளின் முன்நடையான ஐந்தடியிலும் படுத்துக் காலந்தள்ளிய முதியவர்களும் இங்கே ஒன்றாகக் குடியமர்த்தப்பட்டனர். தகரக் கூரை, கூரையைத் தொடாத பலகைத் தடுப்பு, பொதுக் குழாய், பின்னால் வரிசையாகக் கழிவறைகள்; இவ்வளவுதான் குடியிருப்பு. இதுபோன்ற இடங்களில் இருப்பவர்களுக்குப் பயன்படக்கூடும் என்பதால், பராமரிப்பு வேலைகளை நடக்க வைக்க நாங்கள் எடுத்த வழியை எழுதுகிறேன்.

தோட்டத்தில் இருந்தவரை குழாய் உடைந்தாலும் கூரை ஒழுகினாலும் நிர்வாகத்திடம் போய் நிற்கலாம். தொழிலாளர் குடியிருப்புக்கான குறைந்தபட்சத் தரங்களை வகுக்கும் 1990 ஆம் ஆண்டின் 446 ஆவது சட்டம் அந்தக் கடமையை முதலாளியின் மேல் வைத்திருக்கிறது. வேலை போனதும் அந்தப் பிடிமானமும் போய்விடுகிறது. புதிய இடத்தில் எங்களுக்குக் கிடைத்த கடிதத்தில் இட ஒதுக்கீடு பற்றி இருந்ததே தவிர, எதை யார் பழுதுபார்ப்பார்கள் என்று ஒரு வரிகூட இல்லை.

முதலில் கைவிட்டது கழிவறைதான். எல்லாக் கழிவறைகளுக்கும் ஒரே மலக்குழி. அடைமழை பெய்த இரவுக்கு மறுநாள் காலையில், குழியின் சிமெண்டு மூடியைச் சுற்றிக் கறுத்த நீர் குமிழியிட்டுக் கிளம்பி, பிள்ளைகள் பள்ளி பஸ்ஸுக்காக நிற்கும் இடம் வரை ஓடியிருந்தது. சுண்ணாம்புத் தூளைத் தூவி, மேலே பலகை போட்டு நடந்தோம். மன்றத்தின் முகப்பில் முறையிட்டபோது, மலக்குழி இறைப்பது கழிவுநீர் நிறுவனத்தின் வேலை என்றனர். நிறுவனத்தைத் தொலைபேசியில் அழைத்தபோது, இந்த முகவரிக்குக் கணக்கே இல்லை, நில உரிமையாளர்தான் விண்ணப்பிக்க வேண்டும் என்றனர். நில அலுவலகத்தில், அது மாநில அரசின் நிலம், பயன்பாட்டுக்காக மன்றத்திடம் ஒப்படைக்கப்பட்டுள்ளது என்றனர். யாரும் பொய் சொல்லவில்லை. அவரவர் சொன்னது அவரவர் அளவில் சரியே. ஆனால் குழி நிரம்பியபடியேதான் இருந்தது.

பக்கத்துத் தாமானில் (வீடமைப்புப் பகுதியில்) வசிக்கும் ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியர் ஒருவரிடம் போய்ச் சொன்னேன். "முகப்பில் வாயால் சொன்னது வாசலோடு போச்சும்மா. மலாயில் எழுதிக் கொடு, நகலில் சாப் அடித்து வாங்கு" என்றார். சாப் என்பது, கடிதம் பெற்றதற்கு அலுவலகம் குத்தும் முத்திரை. அவர் உதவியுடன் மன்றத் தலைவரான யாங் டிபெர்துவாவுக்குக் கடிதம் எழுதினோம். ஒரு கடிதத்தில் ஒரு குறைதான் இருக்க வேண்டும் என்பதில் ஐயா பிடிவாதமாக இருந்தார். குப்பை, விளக்கு, கழிவறை என்று எல்லாவற்றையும் ஒன்றாக எழுதினால், எளிதான ஒன்றைச் செய்துவிட்டுக் கோப்பை மூடிவிடுவார்களாம். நில அலுவலகம் சொன்னதை முதல் பத்தியிலேயே குறிப்பிட்டோம். தேதி தெரியும் புகைப்படங்களை இணைத்து, மாவட்ட அதிகாரிக்கும் மாவட்டச் சுகாதார அலுவலகத்துக்கும் சட்டமன்ற உறுப்பினருக்கும் நகல் அனுப்பினோம். மன்ற உறுப்பினரையும் பார்த்தோம். அவர் கனிவாகப் பேசினார். ஆனாலும் 1965 இல் நிறுத்திவைக்கப்பட்ட உள்ளாட்சித் தேர்தல் 1976 ஆம் ஆண்டுச் சட்டத்தோடு இல்லாமலே போய், இன்றுவரை உறுப்பினர்களை மாநில அரசே நியமித்து வருவதால், அடுத்த தேர்தலில் பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லும் வசதி எங்களுக்கு இல்லை.

காரியத்தை நகர்த்தியது வேறொன்று. குடியிருப்பில் ஒரு பெண்ணுக்கு டெங்கிக் காய்ச்சல் கண்டு, சுகாதார ஆய்வாளர் சோதனைக்கு வந்தார். தண்ணீர்த் தொட்டியின் மூடி காற்றில் பறந்து வெகு நாளாகியிருந்தது. ஏணியில் ஏறிக் கைவிளக்கை அடித்துப் பார்த்தவர், என்னையும் கூப்பிட்டுக் காட்டினார்: அடியில் பழுப்பு வண்டல், அதன்மேல் வாலை ஆட்டியபடி மேலும் கீழுமாக நீந்தும் கொசுப் புழுக்கள். 1975 ஆம் ஆண்டின் 154 ஆவது சட்டப்படி கொசு உற்பத்தியாகும் இடத்தைக் கைவசம் வைத்திருப்பவர்மேல் நடவடிக்கை எடுக்கலாம். எங்கள் வீடுகளில் பூச்சட்டித் தட்டில் தண்ணீர் நின்றிருந்தால் அபராதச் சீட்டு எங்களுக்குத்தான் வந்திருக்கும். பொதுத் தொட்டியோ மன்றத்துக்கு உரியது. ஆய்வாளர் தொட்டியையும் வழியும் மலக்குழியையும் சேர்த்து எழுத்துமூலம் அறிக்கை அனுப்பினார். குடியிருப்பவர் எழுதினால் அது மனு. ஓர் அரசாங்க அலுவலகம் இன்னோர் அலுவலகத்துக்கு எழுதினால் அதற்குப் பதில் எழுதியே ஆக வேண்டும். எங்கள் கடிதத்தின் சாப் அடித்த நகலை ஆய்வாளரிடம் கொடுத்திருந்ததால், குறை முன்பே தெரிவிக்கப்பட்டது என்பதும் அறிக்கையில் ஏறியது.

பிறகு மன்றமே உரிமையாளராகக் கையெழுத்திட்டு நிறுவனத்தில் கணக்குத் திறந்தது. இறைக்கும் லோரியும் வந்தது. வந்து வாசலோடு நின்றுவிட்டது. செம்மண் பாதையின் குறுக்கே இருந்த கால்வாய்ப் பாலம் அதன் பாரத்தைத் தாங்காது என்று ஓட்டுநர் மறுத்துவிட்டார். அதற்கு மறுபடியும் பொறியியல் பிரிவுக்குக் கடிதம், மறுபடியும் சாப். பெரிய கான்கிரீட் குழாய் பதித்துப் பாதையை அகலப்படுத்திய பிறகே லோரி உள்ளே வந்தது. இத்தகைய குழிகளை இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை இறைப்பது நல்லது என்று லோரியில் வந்தவர்கள் சொன்னார்கள். எங்களுடையதில் அத்தனை பேர் புழங்குவதால் அதற்கு முன்பே இறைக்க வேண்டும் என்று கேட்டு எழுதியிருக்கிறோம்.

தொட்டியை நாங்களே இறங்கிக் கழுவினோம். மூடி வரும்வரை துத்தநாகத் தகடு ஒன்றைக் கம்பியால் இறுக்கிக் கட்டி, சுகாதார அலுவலகம் கொடுத்த கொசுப்புழு மருந்தைப் போட்டோம். அதன் அளவு 10 லிட்டருக்கு 1 கிராம்; 400 கேலன் தொட்டி என்றால் ஏறத்தாழ 1,800 லிட்டர், ஆகவே 180 கிராம். கைப்பிடியால் அள்ளிப் போடும் பழக்கத்தை நிறுத்தச் சிறிய தராசு ஒன்றைத் தொட்டியருகே மாட்டி வைத்தோம்.

குப்பை விஷயம் அவ்வளவு சிக்கலில்லை. 2007 ஆம் ஆண்டின் திடக்கழிவுச் சட்டத்தைப் பேரா ஏற்காததால் இங்கே குப்பை அள்ளுவது மன்றத்தின் பொறுப்பே. ஒரே கடிதத்தில் பெரிய தொட்டி வந்து சேர்ந்தது. கழிவறை கழுவும் முறைப்பட்டியல்தான் இன்றுவரை சண்டையை மூட்டுகிறது. தனியாக இருக்கும் முதியவர்களுக்கு முறை போடக்கூடாது என்று சிலரும், எல்லோரும் பயன்படுத்துகிறார்கள்தானே என்று சிலரும் வாதாடினார்கள். குனிய முடியாதவர்கள் சோப்புத் தூள் வாங்கிக் கொடுப்பது என்று முடிவாகி, அது ஓரளவு நடக்கிறது. சமையல் எரிவாயுக் கலன்களைப் பலகைத் தடுப்பை ஒட்டி வைத்திருந்த வழக்கத்தை, தீயணைப்பு நிலையத்திலிருந்து வந்து பேசிய பிறகு மாற்றிக்கொண்டோம்.

இப்போது மீதமிருப்பவை கழிவறைப் பக்கத்து விளக்கும், மாதம் 124 ரிங்கிட் வாடகையுள்ள பி.பி.ஆர். எனப்படும் அரசின் மக்கள் வீடமைப்புத் திட்ட அடுக்குமாடி வீடுகளுக்கான விண்ணப்பங்களும். குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிகளுக்குரிய சிவப்பு அடையாள அட்டை வைத்திருக்கும் முதியவர்களுக்கு அந்த வழியும் இல்லை. அவர்கள் குடியுரிமை ஆவணங்களைத் தேடித் திரட்டும் வேலையை ஐயா தொடங்கியிருக்கிறார். விளக்குக்கான கடிதம் சென்ற வாரம் சாப்புடன் கைக்கு வந்தது.