ஒரு மருமகனும் இரண்டு பெட்டியும்

அம்மம்மாவின் றங்குப் பெட்டிக்குள் கிடந்த மரண சாதனத்தை (உயிலை) வைத்துக் குடும்ப மரம் கீறத் தொடங்கி மூன்று மாதமாகிறது. முதல் மாதம் வாசிப்பதிலேயே போனது. புள்ளி வைக்காத கையெழுத்து. 'வயல' என்று இருப்பது வயல்தான் என்று பிடிபடவே இரண்டு நாள்.

எழுதியவர் அம்மம்மாவின் அம்மம்மாவைப் பெற்ற தகப்பன். நொத்தாரிசு (நோட்டரி) இல்லை, அடியில் ஐந்து பேரின் கையொப்பம். இலங்கையின் 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கச் சட்டப்படி நொத்தாரிசோடு இரண்டு சாட்சி வேண்டும். நொத்தாரிசு இல்லையென்றால் ஐந்து சாட்சி. செலவை மிச்சம் பிடித்த மனிசன்! எனக்கு லாபம்தான், ஐந்து பெயர் சும்மா கிடைத்தது.

சிக்கல் ஒரே ஒரு சொல்லில். மட்டக்களப்பில் கொக்கட்டிச்சோலைப் பக்கத்து வயலை 'என் மருமகனுக்கு' விட்டிருக்கிறார். மகளின் புருஷனும் மருமகன்தான், சகோதரியின் மகனும் மருமகன்தான். மட்டக்களப்பு முக்குவர் சமூகத்தின் பழைய வழக்கில் ஆணின் முதுசம் (பரம்பரைச் சொத்து) சகோதரியின் பிள்ளைகளுக்குப் போகும். 1876 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டம் வந்தபின், எழுதி வைக்காவிட்டால் சொந்தப் பிள்ளைகளுக்குப் போய்விடும். அதைத் தடுக்கத்தான் எழுதினார் என்று நானே தீர்மானித்து, சகோதரியின் மகனுக்கு மரத்தில் ஒரு பெட்டி போட்டேன். மகளின் சீதன உறுதியில் (பத்திரத்தில்) புருஷனின் பெயர், காணிக்காரருக்கு வரும் 'போடி' என்ற பட்டத்தோடு முடிந்தது. சரி, அவருக்கு இன்னொரு பெட்டி.

அம்மம்மாவின் தங்கச்சியிடம் கொண்டுபோய்க் காட்டினேன். "இதென்னகா, ஒரு ஆளை ரெண்டாக் கீறி வெச்சிருக்காய்? அவர் மாமன்ட மகளைத்தானே முடிச்சவர்" என்று சிரித்தா. குடி (குலப் பிரிவு) தாய்வழியில் வருவதால் மாமன் மகள் வேறு குடி. முடிக்கத் தடையே இல்லை. இது எனக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

ஆனாலும் எழுத்தில் பார்க்காமல் மனம் கேட்கவில்லை. காணிப் பதிவகத்தில் அந்த வயலின் பதிவைத் தேடியபோது பிந்திய விற்பனை உறுதி ஒன்று வந்தது. விற்பவர் பெயரில் போடி இருக்கிறது. வயல் தனக்கு 'மாமனின் மரண சாதனப்படி' உரித்தானது என்றும் இருக்கிறது. காணி சேரச் சேரப் பெயரிலும் போடி ஏறியிருக்கும் போல.

இரண்டு பெட்டியையும் அழித்து ஒன்றாக்கியாச்சு. அப்புறம் அந்த ஐந்து சாட்சிகள். அதில் ஒருவரின் வழிவந்தவர்கள் இன்னும் வாவிக்கு மேற்கே படுவான்கரையில் இருக்கிறார்களாம். ஞாயிற்றுக்கிழமை போகிறேன். சின்ன அம்மம்மாவும் சோறு கட்டிக்கொண்டு வருகிறாவாம்.