சால்டன் கோயிலின் ஏணி

லண்டனுக்குத் தெற்கே, சர்ரே மாவட்டத்தில், கேட்டரம் ஊரை ஒட்டிய சிறு கிராமம் சால்டன். அங்குள்ள புனித பேதுரு, பவுல் ஆலயத்துக்கு நவம்பரில் போயிருந்தேன். உத்தரிக்கிற ஆத்துமாக்களுக்காக, அதாவது இறந்தபின் மோட்சம் சேருமுன் தூய்மை பெறும் ஆன்மாக்களுக்காக, கத்தோலிக்கர்களாகிய நாம் வேண்டிக்கொள்ளும் மாதம் அது. கோயில் மிகச் சிறியது.

பீடத்தின் முன் முழந்தாளிட்டு எழுந்து திரும்பினால், மேற்குச் சுவரில் செங்காவி நிறத்தில் அந்த ஓவியம். அகலம் சுமார் 17 அடி, உயரம் சுமார் 11 அடி. ஏறத்தாழ 1200-ஆம் ஆண்டில் வரைந்தது. பிற்காலத்தில் வெள்ளையடித்து மறைத்துவிட்டார்கள். 1869-இல் பழுதுபார்க்கும் வேலை நடந்தபோது, சுண்ணாம்புக்கு அடியில் நிறம் தெரிவதைக் கவனித்து வேலையை நிறுத்தச் சொன்னவர் அப்போதைய குருவானவர். அவருக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும்.

நடுவில் ஓர் ஏணி. ஆன்மாக்கள் ஏறுகின்றன, சில தலைகுப்புற விழுகின்றன. ஏணியின் உச்சியில் ஆண்டவர் இயேசு, இருபுறமும் சூரியனும் சந்திரனும். கீழே நரகம். கொப்பரையில் மனிதர்களைப் போட்டுப் பேய்கள் வேகவைக்கின்றன.

ஆனால் என்னை நிறுத்தி வைத்தவர்கள் கொலைகாரர்கள் அல்லர், பிழைப்புக்காகத் தொழில் செய்தவர்கள். இரண்டு பெரிய பேய்கள் பிடித்திருக்கும் முள்பாலத்தில் கைவினைஞர்கள் நடக்கிறார்கள். தொழிலில் ஏமாற்றியவர்களாம். பக்கத்தில் வட்டிக்காரர் தீயில் உட்கார்ந்திருக்கிறார். கண்கள் இல்லை, பணப்பை தொங்குகிறது, வாயிலிருந்து காசு கொட்டுகிறது. எழுதப் படிக்கத் தெரியாத குடியானவர்களுக்கு இதைவிட நேரான பிரசங்கம் வேண்டுமா?

மேல்பாதியில் வலப்புறம், கட்டுண்ட சாத்தானை ஆண்டவர் தண்டால் குத்தி, தமக்கு முன்பே இறந்து பாதாளத்தில் காத்திருந்தவர்களை மீட்கிறார். இடப்புறம் மிக்கேல் அதிதூதர் தராசில் ஆன்மாக்களை நிறுக்கிறார். எதிரே நிற்கும் பேய் தட்டைத் தன் பக்கம் இழுக்கிறது.

அந்தத் தராசின் முன்னால்தான் அதிக நேரம் நின்றேன். என் அப்பா மளிகைக்கடை வைத்திருந்தவர். காலம் முழுக்கத் தராசும் படிக்கல்லுமாக வாழ்ந்தவர். இறந்தோருக்கான 'நித்திய இளைப்பாற்றி' ஜெபத்தை அவருக்காகச் சொன்னேன். அவரிடம் கடன் சொல்லி வாங்கி, திருப்பித் தர முடியாமலே இறந்துபோனவர்களுக்காகவும் சொன்னேன்.